புதிதாக வெளிநாடு போகும் நம்ம ஊர்க்காரர்களுக்கு: காலையில் பழ வாஃபிள் சுடப் பழகிக்கொள்ளுங்கள்

கோபியிலிருந்து எழுதுகிறேன். அமெரிக்காவில் ஏழு வருடம் குடும்பம் நடத்திவிட்டுப் போன தை மாதம்தான் ஊர் திரும்பினோம். அடுத்த மாதம் என் பெரியம்மா மகன் காங்கேயத்திலிருந்து சிகாகோ கிளம்புகிறான். "காலையில என்னக்கா சாப்பிடறது?" என்று கேட்டான். விசா, வாடகை, வங்கிக் கணக்கு பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். இதைச் சொல்ல ஆள் குறைவு என்பதால் எழுதுகிறேன்.

போன புதிதில் நானும் இட்லி மாவோடுதான் போராடினேன். நம் ஊரில் ராத்திரி கரைத்து வைத்தால் விடிவதற்குள் பொங்கி வழிகிற மாவு, அங்கே ஜனவரியில் இரண்டு நாள் ஆனாலும் அசையாமல் கிடந்தது. வீட்டுக்குள் 20 டிகிரி இருந்தால் மாவு எப்படிப் புளிக்கும்? அதற்கு 30 டிகிரிப் பக்கம் வேண்டும். இரண்டு மாதம் ரொட்டியும் ஜாமுமாக ஓட்டினோம். என் மகன் காலைச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டான். அப்போது பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, புளூபெர்ரி போட்ட வாஃபிள் சுட்டுக் கொடுத்தார். இரண்டு சூட்டுத் தகட்டுக்கு நடுவே மாவை ஊற்றி மூடிச் சுடுகிற, கட்டம் கட்டமாகக் குழி விழுந்த பலகாரம் அது. அவன் மூன்று சாப்பிட்டான். அன்றைக்கே அவரிடம் செய்முறையைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

முதலில் ஒன்று: வாஃபிள் மெஷினை இங்கிருந்து வாங்கிப் போகாதீர்கள். நான் கோயமுத்தூரில் வாங்கிக்கொண்டு போனேன். நம் மின்சாரம் 230 வோல்ட், அமெரிக்காவில் 120. பிளக்குக்கு அடாப்டர் போட்டாலும் வோல்ட் மாறாது. பாதி வோல்ட்டில் சூடும் பாதி வரும் என்று நினைக்க வேண்டாம், கால் பங்குக்குக் கொஞ்சம் மேலேதான் வரும். மாவு வேகாமல் பசையாக ஒட்டிக்கொண்டது. அங்கே வாங்கியதை இங்கே கொண்டுவந்து நேராக மாட்டினால் கருகிவிடும், அதனால் வரும்போது என்னுடையதை ஒரு தோழியிடம் கொடுத்துவிட்டேன். இங்கிலாந்து, ஐரோப்பா, ஆஸ்திரேலியா போகிறவர்களுக்கு வோல்ட் பிரச்சினை இல்லை, பிளக் வடிவம்தான் வேறு.

சரி, மாவு. நான்கு பேருக்கு மைதா 250 கிராம், பேக்கிங் பவுடர் மூன்று டீஸ்பூன், சர்க்கரை இரண்டு மேஜைக்கரண்டி, உப்பு அரை டீஸ்பூன். இன்னொரு பாத்திரத்தில் முட்டை இரண்டு, பால் 400 மில்லி, உருக்கிய வெண்ணெய் 80 கிராம். இரண்டையும் சேர்த்து லேசாகக் கலந்தால் போதும், சின்னச் சின்னக் கட்டி இருந்தால் இருக்கட்டும். அடித்து அடித்துக் கலக்கினால் ரப்பர் போல இழுக்கும். அப்புறம் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். கடையில் மைதா என்று தேட வேண்டாம். அமெரிக்காவில் ஆல் பர்ப்பஸ் என்றும், இங்கிலாந்தில் பிளெய்ன் என்றும், ஜெர்மனியில் 405 என்ற எண்ணோடும் இருப்பதை எடுங்கள். இங்கிலாந்தில் செல்ஃப் ரெய்சிங் என்று ஒன்று இருக்கும். அதில் பேக்கிங் பவுடர் ஏற்கெனவே கலந்திருக்கிறது, மறுபடி போட்டால் கசக்கும்.

சுடுவது நம் கைக்கு வந்த வேலைதான். பணியாரக் கல்லை நன்றாகக் காயவைத்து, எண்ணெய் தடவித்தானே ஊற்றுவோம்? அதே பக்குவம். மூடியபின் ஓரத்தில் ஆவி வரும். ஆவி அடங்கும்வரை, நான்கைந்து நிமிடம், திறக்காதீர்கள். அவசரப்பட்டுத் திறந்தால் பாதி மேலேயும் பாதி கீழேயும் ஒட்டிப் பிய்ந்துவிடும். எடுத்ததும் தட்டில் அடுக்காமல் கம்பி வலையில் வையுங்கள், தட்டில் வைத்தால் தன் ஆவியிலேயே ஊறி நமுத்துவிடும். வாடகை வீட்டில் அடுப்புக்கு மேலே உள்ள மின்விசிறியைப் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள், வெண்ணெய்ப் புகைக்கே புகை அலாரம் அலறும்.

பழத்தில்தான் நான் அதிகம் தவறு செய்தேன், நிதானமாகப் படியுங்கள். எல்லாப் பழத்தையும் மாவில் கலக்கக்கூடாது. ஸ்ட்ராபெர்ரியில் தண்ணீர் அதிகம், மாவில் போட்டால் அந்த இடம் வேகாது, கல்லிலும் பிடிக்கும். அதை நறுக்கி, ஒரு ஸ்பூன் சர்க்கரை தூவி இருபது நிமிடம் வைத்தால் சாறு விடும். சாறோடு மேலே ஊற்றிக்கொள்ளலாம். புளூபெர்ரி முழுசாக இருப்பதால் உள்ளே போடலாம். ஃப்ரீஸரில் வைத்ததை உருகவிடாமல், மாவை ஊற்றிய பிறகு மேலே தூவி மூடுங்கள். ஆப்பிளைத் துருவிப் பிழிந்து, பட்டைத்தூளோடு கலந்தால் வீடே மணக்கும். நன்றாகக் கனிந்த வாழைப்பழத்தை மசித்துச் சேர்த்தால் சர்க்கரையைப் பாதியாகக் குறையுங்கள், இல்லாவிட்டால் சீக்கிரம் கருகும். நம் கதலியும் செவ்வாழையும் அங்கே சுலபமாகக் கிடைக்காது. கிடைப்பது பெரிய பச்சை வாழை வகை. தோலில் கரும்புள்ளி விழும்வரை காத்திருந்தால் இனிப்பு ஏறும்.

பருவம் பார்த்து வாங்குங்கள். அமெரிக்காவின் வடக்குப் பக்கம் ஜூனில் ஸ்ட்ராபெர்ரி, ஜூலை ஆகஸ்டில் புளூபெர்ரி, செப்டம்பர் அக்டோபரில் ஆப்பிள். தோட்டத்துக்கே போய்ப் பறித்துக்கொள்ள விடுவார்கள். தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த ஒரு நாள் எவ்வளவு ஆறுதல் என்று போனால் தெரியும்.

மேலே ஊற்றிக்கொள்ள மேப்பிள் சிரப் வாங்கினால் லேபிளைப் படியுங்கள். பான்கேக் சிரப் என்று மலிவாக இருப்பது பெரும்பாலும் சோளச் சர்க்கரைப் பாகு. அசல் விலை அதிகம்தான், 40 லிட்டர் மரச்சாறு காய்ச்சினால் ஒரு லிட்டர்தான் தேறும். எங்கள் வீட்டில் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் காய்ச்சி, ஏலக்காய் தட்டிப்போட்டு ஊற்றிக்கொள்வோம். எனக்கு அதுதான் ஒருபடி மேல். உணவுப் பொருள் எது எடுத்துப் போனாலும் விமான நிலையப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குப் பால் பொருள் கொண்டுபோக அனுமதி இல்லை, ஊத்துக்குளி வெண்ணெய் ஆசையை இங்கேயே தீர்த்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் போகிறவர்கள் ஞாயிறு அன்று இரண்டு மடங்கு சுட்டுவிடுங்கள். நன்றாக ஆறியதும் தட்டில் பரப்பி ஃப்ரீஸரில் வைத்து, கெட்டியானபின் பையில் போடுங்கள். முதலிலேயே பையில் திணித்தால் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். காலையில் டோஸ்டரில் போட்டால் மொறுமொறுப்பு திரும்ப வரும். மைக்ரோவேவ் வேண்டாம், துவண்டுவிடும்.

புரட்டாசியில் என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு: முட்டையை விட்டுவிட்டு, பாலில் பாதிக்குப் பதில் தயிர் ஊற்றி, சமையல் சோடா கால் டீஸ்பூன் சேருங்கள். சோடா அதிகமானால் புளூபெர்ரியைச் சுற்றி மாவு பச்சை நிறமாகத் தெரியும். பயப்பட வேண்டாம், பழத்தின் நிறம் சோடாவில் மாறுவதுதான், தாராளமாகச் சாப்பிடலாம்.

போன ஞாயிறு தம்பியை வரச்சொல்லி, எதிர்வீட்டு மெஷினை இரவல் வாங்கிச் சுடவைத்தேன். முதல் இரண்டு பிய்ந்தது, மூன்றாவது முழுசாக வந்தது. பெரியம்மா ஒரு துண்டு வாயில் போட்டுவிட்டு, "பணியாரந்தான் கண்ணு இது, வேற கல்லுல ஊத்திருக்கறீங்க" என்றார். இந்த ஞாயிறு வாழைப்பழம் போட்டுச் செய்யப்போகிறோம்.