ஸ்லாக் வாட்டர்: ‘உச்ச ஓதம்’ சரிவராது, ‘ஓய்நீர்’ எப்படி?

அனைவருக்கும் வணக்கம். ஓதத்தால் (கடல்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குவதால்) நீரோட்டம் தளர்ந்து சற்று நேரம் நின்றுபோவதை ஆங்கிலத்தில் ‘ஸ்லாக் வாட்டர்’ என்பார்கள். கட்டுரைக்காக அதற்கும் இன்னும் சில சொற்களுக்கும் நாம் தமிழ் தேடி வருகிறோம். வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> ஸ்லாக் வாட்டர் என்பது ஓதம் ஏறி முடிந்து நிற்கும் நேரம்தானே? ‘உச்ச ஓதம்’ என்றே எழுதிவிடலாம்.

ஐயா, எனக்கு இடிப்பது இந்த இடத்தில்தான். நான் தூண்டில் போடுவது அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றில். நியூயார்க் துறைமுகத்திலிருந்து டிராய் அணைக்கட்டு வரை, ஏறக்குறைய 245 கிலோமீட்டருக்கு அந்த ஆற்றில் ஓதம் உண்டு. கடலை விட்டு அவ்வளவு தள்ளியிருக்கும் ஆல்பனியில்கூடத் தண்ணீர் ஒன்றரை மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். ஆனால் மட்டம் ஏறுவது வேறு, தண்ணீர் ஓடுவது வேறு. கரைக்கல்லில் ஈரக்கோடு தெரிய ஆரம்பித்துவிடும், அதாவது மட்டம் இறங்குகிறது. நடு ஆற்றில் மிதக்கிற கட்டையோ இன்னும் வடக்கே, ஆற்றின் மேல்திசையிலேயே போய்க்கொண்டிருக்கும். அங்கே அரசு நிறுவனம் மட்டத்துக்கு ஒரு கணிப்பு, நீரோட்டத்துக்குத் தனிக் கணிப்பு என்று வெளியிடுவது சும்மா இல்லை. முதல் வருஷம் மட்டக் கணிப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போய், ‘உச்சம்’ என்று போட்டிருந்த நேரத்தில் என் ஈயக்குண்டை ஆறு உருட்டிக்கொண்டு போவதைப் பார்த்து விழித்தவன் நான். ஆகவே ‘ஓதம்’, ‘மட்டம்’, ‘உச்சம்’ எதுவும் இந்தச் சொல்லுக்குள் வரக் கூடாது. இது ஓட்டத்தைப் பற்றிய சொல்.

கரையில் நின்று பார்த்தால் அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மே மாதம், இருட்டுகிற நேரம். முள்ளில் ஹெர்ரிங் துண்டு (நம் மத்திக்கு உறவு). தங்கூசி தண்ணீருக்குள் சரிவாக இறங்கி விண்ணென்று நிற்கும். கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சரிவு குறையும், தங்கூசி தொய்யும், கோல் நுனி நிமிரும். இலையும் நுரையும் இருந்த இடத்திலேயே சுற்றும். சில நிமிஷங்கள்தான். அப்புறம் தங்கூசி எதிர்ப்பக்கமாகச் சாய ஆரம்பிக்கும். அசையாத அந்தச் சில நிமிஷங்களில் மீன் பெரும்பாலும் வாய் வைக்காது. ஓட்டம் சின்ன மீன்களை அடித்துக்கொண்டு வந்தால்தான் பெரிய மீனுக்குச் சாப்பாடு. அதனால் டீ குடிப்பது, இரை மாற்றுவது எல்லாம் அப்போதுதான். தண்ணீர் மறுபடி நகர்ந்ததும் கோலைக் கையில் எடுத்துவிட வேண்டும்.

இனி, மற்றவர்களிடமிருந்து வந்த சொற்களைப் பார்ப்போம். ‘தேங்குநீர்’ என்றதும் எனக்குக் கொசுதான் நினைவுக்கு வருகிறது. ‘நிலைநீர்’ என்றால் குளம். ‘திரும்புநீர்’ அழகாக இருக்கிறது, நானே முதலில் அதைத்தான் எழுதி வைத்திருந்தேன். ஆனால் ஏப்ரலில் பனி உருகி வெள்ளம் வரும்போது ஆற்றின் மேல்பகுதியில் ஓதத்தால் தண்ணீரைத் திருப்ப முடியாமல் போவதுண்டு. தளர்கிறது, ஏறக்குறைய நின்றேவிடுகிறது, பிறகு பழையபடி கடலை நோக்கியே ஓடுகிறது. திரும்பாத நீரை எப்படித் திரும்புநீர் என்பது?

‘ஓய்நீர்’ என்கிறேன். வினைத்தொகை. ஓய்ந்த நீர், ஓய்கிற நீர், ஓயும் நீர் மூன்றும் அதற்குள் அடக்கம். தங்கூசி தொய்யத் தொடங்கியதிலிருந்து முழுக்க நிற்கும்வரை ஒரே சொல் போதும். ‘மழை ஓய்ந்தது’ என்று சொல்கிற யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. ‘ஓய்நீர் வேளை’ என்று நீட்டிக்கொள்ளலாம்.

> கடற்கரையில் இதற்குச் சொல் இருக்குமே, ஏன் புதிதாக ஆக்க வேண்டும்?

நியாயம்தான் அக்கா. நீரோட்டத்தை நம் கடலோடிகள் ‘நீவாடு’ என்பார்கள். ‘நீவாடு ஓய்ந்த நேரம்’ என்று எழுதினால் அவர்களுக்கே முதலில் புரியும். பேச்சில் அப்படி, கலைச்சொல்லாக ஓய்நீர். இரண்டும் ஒரே வினையில்தானே நிற்கின்றன.

ஹட்சனில் நான் பிடிக்கும் ‘ஸ்ட்ரைப்ட் பாஸ்’ (வரி பாஸ்) மீனின் பெயருக்கு வருவோம். ‘பாஸ்’ என்று அப்படியே எழுதினால் பரீட்சையும் முதலாளியும்தான் முன்னால் வந்து நிற்கும். ‘வரிக்கொடுவா’ என்று ஒருவர் சொன்னதற்கு, கொடுவா வேறு குடும்பம் என்று மறுப்பு வந்தது. உண்மைதான். வாழ்க்கையும் நேர் எதிர்: கொடுவா ஆற்றில் வளர்ந்து, முட்டையிடக் கடல் பக்கம் இறங்கும், ஹட்சன் மீன் கடலில் வளர்ந்து, முட்டையிட வசந்தத்தில் ஆறு ஏறும். ஆனாலும் நான் வரிக்கொடுவா பக்கம். ஆங்கிலத்தில் மட்டும் என்ன வாழ்கிறது? அகலவாய் பாஸ் ஒரு குடும்பம், வரி பாஸ் இன்னொன்று, கொடுவாவை ‘ஆசிய சீபாஸ்’ என்கிறார்களே, அது மூன்றாவது. பெயர் வைத்தவன் உருவத்தைப் பார்த்து வைத்தான். உடம்பு நெடுக ஏழெட்டுக் கருங்கோடு, மற்றபடி கொடுவாச் சாயல். கட்டுரையில் முதல்முறை வரும்போது உயிரியல் பெயரையும் சேர்த்துப் போட்டுவிட்டால் குழப்பம் இருக்காது.

ஓதம் எட்டும் ஆற்றைக் குறிக்கும் ‘டைடல் ரிவர்’தான் இன்னும் முடியவில்லை. கழிமுகம், உப்பங்கழி இரண்டும் உப்பைக் கூட்டி வருகின்றன. ஆல்பனியில் ஓடுவதோ நல்ல தண்ணீர். ஈழத்துப் பாடநூல் வழியில் ‘வற்றுப்பெருக்கு ஆறு’ என்றால் பொருள் துல்லியம், ஆனால் தமிழ்நாட்டு வாசகர் வறண்ட ஆறு என்று எடுத்துக்கொள்வாரோ என்று பயம். ‘ஓத ஆறு’ சுருக்கம்தான், சொல்லிப் பார்த்தால் நாக்கில் நிற்கவில்லை. ஹட்சனுக்கு அதன் கரையின் பூர்வகுடிகளான மோஹிகன் மக்கள் வைத்த பெயரின் பொருள் ‘ஒருபோதும் அசையாமல் நிற்காத நீர்’ என்பார்கள். அந்த ஆற்றின் கரையில் உட்கார்ந்து நான் ஓய்நீருக்குச் சொல் தேடுகிறேன், போங்கள்!

இப்போதைக்கு ‘ஓதமேறும் ஆறு’ என்றே எழுதி வருகிறேன். இதைவிடக் குட்டியாக யாருக்காவது தோன்றினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். அன்று மாலை ஓய்நீர் ஆறரை மணிக்கு, அதற்கு முன்னால் பட்டியலை ஏற்றிவிட்டுக் கிளம்ப வேண்டும்.