காந்தம் ஒட்டினால் ஸ்டெயின்லெஸ் இல்லையா? (எம்ஜிபி சைலன்சர்)

துருப்பிடித்தவன்:
"காந்தம் ஒட்டினால் அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே இல்லை, உங்கள் தலையில் நன்றாக மிளகாய் அரைத்துவிட்டார்கள்" என்று நேற்று நட்டுபோல்ட்டு போகிற போக்கில் ஒரு புதியவரிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்த மனிதர் தன் 1972 எம்ஜிபிக்கு (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) வாங்கிய சைலன்சர், புகைக்குழாய் முழு செட்டையும் திருப்பி அனுப்பப் போகிறாராம். எரிச்சல் தாங்கவில்லை. 409 ரகமும் ஸ்டெயின்லெஸ்தான். குரோமியம் சுமார் 11 சதவீதம், நிக்கல் அநேகமாகக் கிடையாது, அதனால் காந்தம் ஒட்டும். 304 ரகத்தில் 18 குரோமியம், 8 நிக்கல், அதில் ஒட்டாது. கார் கம்பெனிகளே எத்தனையோ வண்டிகளில் 409-ஐத்தான் மாட்டி அனுப்பியிருக்கின்றன.

நட்டுபோல்ட்டு:
பாடம் நடத்தியதற்கு நன்றி தம்பி. நான் 26 வருடமாக எம்ஜிபி வைத்திருக்கிறேன், அதற்கடியில் மல்லாந்து படுத்த நேரம் என் கட்டிலில் படுத்ததைவிட அதிகம். கேள்வி ஒன்றுதான்: காந்தம் ஒட்டியதா, இல்லையா? ஒட்டியது. பழுப்பாகத் துரு பூத்ததா? பூத்தது. வீட்டில் இருக்கும் நல்ல எவர்சில்வர் டம்ளரில் காந்தத்தை வைத்துப் பாருங்கள், நழுவி விழும். அவ்வளவுதான் விஷயம்.

துருப்பிடித்தவன்:
சைலன்சரில் காபி ஆற்றிக் குடிக்கப் போவதில்லையே! 409-இல் மேலே பழுப்பு படியும், ஆனால் சாதா இரும்பைப் போல இரண்டு குளிர்காலத்தில் ஓட்டை விழாது. அப்புறம், எனக்கு 58 வயது. தம்பி என்று கூப்பிடுவதை நிறுத்துங்கள்.

ஆறுசிலிண்டர்:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னுடையது ட்ரையம்ஃப் டிஆர்6, 2498 சிசி, சாதா இரும்புக் குழாய்தான், வெளியே சூடு தாங்கும் கருப்புப் பெயிண்ட். ஸ்டெயின்லெஸ் மாட்டியவர்களின் வண்டி எனக்குத் தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்குவது போலத்தான் கேட்கிறது. குளிர்காலத்தில் பனி உருகச் சாலையில் போடும் உப்பை எல்லாரும் திட்டுகிறோம், ஆனால் ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வருகிறது, கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருவதற்குள் பின்பெட்டி (வால்பக்க சைலன்சர்) சூடாவதே இல்லை, அந்தத் தண்ணீர் அங்கேயே தேங்கி உள்ளிருந்து அரிக்கிறது. வாரம் ஒருமுறை முப்பது மைல் ஓட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

நட்டுபோல்ட்டு:
ட்ரையம்ஃப்காரருக்கு இங்கே என்ன வேலை? உங்கள் பெயிண்டின் ஆயுள் எங்களுக்குத் தெரியும், முதல் மழையிலேயே உரிந்துவிடும். நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. காந்தம் ஒட்டியதா?

அபிங்டன்காரன்:
பெயிண்ட் மட்டுமா உரிகிறது? ஜாகுவார் இ-டைப்பில் கம்பெனியே மேனிஃபோல்டுக்கு (எஞ்சினிலிருந்து புகையை வாங்கும் முதல் குழாய்த்தொகுதி) கருப்பு எனாமல் சுட்டுக் கொடுத்தது, அதுவே சில்லு சில்லாகப் பெயர்ந்து விழுந்தது. சரி, காந்தத்துக்கு வருகிறேன். 304 என்று ரசீதோடு வாங்கிய என் குழாயில் நேர்ப்பகுதியில் காந்தம் நிற்கவே இல்லை, ஆனால் வளைவில் லேசாக இழுக்கிறது. சூடாக்காமல் வளைக்கும்போது அந்த உலோகத்தின் உள்ளமைப்பு கொஞ்சம் மாறுகிறது, அதனால்தான். காந்தத்தை மட்டும் நம்பினால் ஒரே குழாய் பாதி அசல், பாதி போலி என்று ஆகிவிடும்.

நட்டுபோல்ட்டு:
ஹா ஹா! அப்படியானால் உங்களையும் ஏமாற்றிவிட்டார்கள். ரசீது யாரும் அடிக்கலாம், காந்தம் பொய் சொல்லாது. போன வருடம் 20டபிள்யூ-50 எஞ்சின் எண்ணெய் விஷயத்திலும் நீங்கள் இப்படித்தான் "உள்ளமைப்பு" என்று ஆரம்பித்தீர்கள், ஞாபகம் இருக்கிறது.

அபிங்டன்காரன்:
எண்ணெய் விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி என்று அன்றைக்கே நாலு பேர் எழுதினார்கள், நீங்கள்தான் இரண்டு வாரம் காணாமல் போனீர்கள்.

நட்டுபோல்ட்டு:
நான் காணாமல் போகவில்லை, இடுப்பு வலி. வண்டிக்கு அடியில் படுப்பவனுக்கு வரும். ரசீது படிப்பவர்களுக்கு வராது.

புதியவர்1972:
ஐயா, நான்தான் அந்தச் செட் வாங்கியவன். திருப்பி அனுப்பவா, வேண்டாமா? அனுப்ப வேண்டாம் என்றால் மாட்டுவதற்கு முன் ஏதாவது பூச வேண்டுமா?

துருப்பிடித்தவன்:
திருப்பி அனுப்பவும் வேண்டாம், எதுவும் பூசவும் வேண்டாம், மாட்டுங்கள். முதல் தடவை ஸ்டார்ட் செய்வதற்கு முன் துணியில் ஸ்பிரிட் நனைத்துக் கைரேகையெல்லாம் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் சூட்டில் ரேகை அப்படியே கறையாகச் சுட்டு நின்றுவிடும். மேனிஃபோல்டு பக்கம் ஆறு நட்டும் பித்தளையாகவே போடுங்கள், இரும்பு நட்டு சூட்டில் இறுகிப்போய் ஸ்டட்டோடு (நட்டு ஏறும் மரையாணி) முறிந்து வரும். சூட்டை அடக்கச் சிலர் சுற்றுகிற துணிச்சுருளைக் குழாய் மேல் சுற்றாதீர்கள், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நட்டுபோல்ட்டு:
துணி சுற்றித்தான் என் வண்டி ஒன்பது வருடமாக ஓடுகிறது.

ஆறுசிலிண்டர்:
சுற்றியதைப் பிரித்துப் பார்த்தீர்களா?

நட்டுபோல்ட்டு:
நன்றாக இருப்பதை எதற்குப் பிரிக்க வேண்டும்? புதியவரே, இவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். சமையலறையிலிருந்து ஒரு காந்தம் எடுத்துக்கொண்டு போய்ப் பின்பெட்டியில் வையுங்கள், படம் எடுத்துப் போடுங்கள்.

புதியவர்1972:
பின்பெட்டியில் ஒட்டுகிறது. முன்குழாயில் ஒட்டவில்லை.

நட்டுபோல்ட்டு:
சொன்னேனா இல்லையா!

துருப்பிடித்தவன்:
எதைச் சொன்னீர்கள்??