டேப்பட் இடைவெளி, சரிபார்ப்புத் தவணை: கையேட்டுக்கு எத்தனை புதுச்சொற்கள் வேண்டும்?

மதிப்பிற்குரிய கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

பழைய டீசல் கார்களுக்கான பராமரிப்புக் கையேட்டில் வால்வு பற்றிய இயலைச் செப்பனிட்டுக்கொண்டிருக்கிறேன். அதன் வரைவில் "வால்வு இடைவெளியை உரிய இடைவெளியில் சரிசெய்யவும்" என்றொரு வாக்கியம் இருக்கிறது. முதல் இடைவெளி மில்லிமீட்டரில் அளக்கப்படுவது, இரண்டாவது கிலோமீட்டரில் எண்ணப்படுவது. அடுத்து வரும் அட்டவணையிலும் "இடைவெளி" என்ற ஒரே தலைப்பின்கீழ் 0.10 என்றும் 24,000 என்றும் எண்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. எழுதியவரைக் குறை சொல்வதற்கில்லை; இரண்டுக்கும் அந்தச் சொல்லைத்தான் நாம் எல்லோரும் எழுதிவருகிறோம். ஆனால் இதைப் படித்துவிட்டு ஸ்பேனரை எடுப்பவருக்கு இந்த மயக்கம் உதவாது.

சொல்லுக்கு வருமுன் பொருளைப் பார்த்துவிடுவோம். கேம் ஷாஃப்ட் என்ற சுழலும் தண்டின் புடைப்பு, ராக்கர் என்ற நெம்புகோலை அழுத்த, ராக்கர் வால்வுத் தண்டின் நுனியை அழுத்த, வால்வு திறக்கிறது. புடைப்பு விலகிய பிறகு வால்வு தன் இருக்கையில் முழுமையாக அமர வேண்டுமானால், இந்தத் தொடரில் எங்காவது ஓர் இம்மியளவு வெற்றிடம் இருந்தே ஆக வேண்டும். பட்டறையில் "டேப்பட் பார்ப்பது" என்பது இதை அளப்பதைத்தான். மெர்சிடிஸ் 240டி, 300டி கார்களில் வந்த ஓஎம் 616, ஓஎம் 617 எஞ்சின்களுக்கு, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது காற்றை உள்ளே விடும் இன்லெட் வால்வுக்கு 0.10 மி.மீ., புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வுக்கு 0.30 மி.மீ. என்பது அளவு, டர்போ பொருத்திய 617 எஞ்சினில் எக்ஸாஸ்ட் வால்வுக்கு 0.35 மி.மீ. ஓடும்போது எக்ஸாஸ்ட் வால்வுதான் கடுமையாகச் சூடேறி நீள்கிறது என்பதால் அதற்கு இந்தக் கூடுதல் இடம்.

இந்த வெற்றிடத்துக்கு இதுவரை குழுவில் வந்த பரிந்துரைகளுள் "வெப்ப இடைவெளி" பலருக்குப் பிடித்திருக்கிறது. எனக்கு அதில் ஒரு தடை உண்டு. டர்போ இல்லாத அதே எஞ்சின்களைச் சூடாக இருக்கும்போது நிறுத்தி அளந்தால், அளவு குறைவதில்லை, கூடுகிறது: இன்லெட்டுக்கு 0.15, எக்ஸாஸ்ட்டுக்கு 0.35 என்று தயாரிப்பாளரே கொடுத்திருக்கிறார். வால்வு மட்டுமல்லாமல் அதைத் தாங்கியிருக்கும் எஞ்சின் தலையும் விரிவடைகிறது என்பதே இதற்குக் காரணம். ஆகவே "வெப்ப இடைவெளி" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு போகிறவர், சூடானால் இடம் சுருங்க வேண்டும் என்று எதிர்பார்த்து, நிறுத்திய எஞ்சினில் தாம் கண்ட அளவைத் தாமே சந்தேகிப்பார்.

"தண்டிடை" என்ற பரிந்துரை சுருக்கமாக இருந்தாலும் வேறு இரண்டு சிக்கல்களில் கொண்டுபோய் விடுகிறது. வால்வுத் தண்டுக்கும் அது ஏறி இறங்கும் குழாய்க்கும் நடுவிலும் ஓர் இடம் உண்டு. அதன் தேய்மானத்துக்குத் தனி அளவும் உண்டு. பெயரைக் கேட்பவர் முதலில் நினைப்பது அதைத்தான். தவிர, எல்லா எஞ்சின்களிலும் தண்டின் நுனியிலேயே அளப்பதும் இல்லை. 1980களின் நடுப்பகுதி வரை வந்த ஃபோக்ஸ்வாகன் 1.6 லிட்டர் டீசலில் கேம் புடைப்புக்கும், வால்வின் மேலுள்ள வாளி வடிவ டேப்பட்டின் மீது வைக்கும் ஷிம் என்ற தகட்டுக்கும் நடுவில்தான் ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகட்டை நுழைக்கிறோம். (வால்வுக்கு "ஓரதர்" என்று எழுதலாமே என்று கேட்டிருந்த நண்பருக்கு: ஒரு பக்கமாக மட்டும் வழிவிடும் செக் வால்வுக்கு அச்சொல் மிகப் பொருத்தம். கேம் திறந்தால் திறந்து, விட்டால் மூடும் இந்த வால்வுக்கு அது அவ்வளவாகப் பொருந்தவில்லை என்பது என் எண்ணம். கையேட்டில் வால்வு வால்வாகவே இருக்கட்டும்.)

எனவே இடத்தையும் வெப்பத்தையும் பெயரில் ஏற்றாமல், அந்தத் தொடரில் வேண்டுமென்றே விடப்பட்ட தளர்ச்சி என்ற பொருளில் "தளர்விடை" என்று வைக்கலாம் எனப் பரிந்துரைக்கிறேன்.

இரண்டாவது இடைவெளிக்குக் "கால இடைவெளி" என்றால் கிலோமீட்டர் கணக்குக்கு ஒட்டாது. "கெடு" என்பதில் மிரட்டல் தொனிக்கிறது. "தவணை" காலத்துக்கும் பொருந்தும், ஓடிய தூரத்துக்கும் பொருந்தும். கடனிலும் தடுப்பூசியிலும் புழங்கி எல்லோருக்கும் தெரிந்த சொல். ஆனால் அதைச் "சரிசெய்யும் தவணை" என்று எழுதாமல் "சரிபார்ப்புத் தவணை" என்றே எழுத வேண்டும். 617 எஞ்சினுக்கு 15,000 மைல், அதாவது ஏறத்தாழ 24,000 கி.மீ. என்று சொல்லப்படுவது அளந்து பார்ப்பதற்கான தவணை. அளவு சரியாக இருந்தால் நட்டைத் தொடவே வேண்டியதில்லை. ஷிம் வைத்த எஞ்சின்களில் இந்த வேறுபாடு இன்னும் முக்கியம். ஏனெனில் அங்கே சரிசெய்வது என்றால் 0.05 மி.மீ. படிகளில் வரும் தகடுகளுள் வேறொன்றைத் தேடி எடுத்து மாற்றுவதாகும்.

குழுவினரின் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
கையேட்டுத் தொகுப்பாளர்

மறுமொழி

தொகுப்பாளர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

நீங்கள் சொன்ன "சரிபார்ப்புத் தவணை"யை முழு மனதுடன் ஏற்கிறேன். "தளர்விடை"யை ஏற்க முடியவில்லை. இலக்கணத்தில் குறை காணவில்லை. பட்டறையில் அந்தச் சொல் என்ன செய்யும் என்பதே என் அச்சம்.

தளர்ந்தது என்று கேட்டால் இறுக்க வேண்டும் என்றுதான் கை போகும். இந்த வேலையில் தவறு நேர்ந்தால் தளர்ச்சியின் பக்கம் நேர்வதே மேல். ஓட ஓடத் தேய்ந்து இடம் கூடிக்கொண்டே போகும் என்று பலரும் நினைக்கிறார்கள். கேமும் ராக்கரும் தேய்ந்தால் அப்படித்தான் ஆகும். ஆனால் எக்ஸாஸ்ட் வால்வில் பெரும்பாலும் நடப்பது வேறு: வால்வின் முகமும் இருக்கையும் அடிபட்டுத் தேய, வால்வு எஞ்சின் தலைக்குள் சற்றே உள்வாங்கி, அதன் தண்டு நுனி ராக்கரை நோக்கி உயர்கிறது. இடம் குறைகிறது. முழுவதும் குறைந்துவிட்டால் வால்வு இருக்கையில் அமர்வதே இல்லை. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டின் பெரும்பகுதியை இறக்கிவைப்பது இருக்கையைத் தொட்டிருக்கும் அந்தச் சிறு நேரத்தில்தான். அதுவும் இல்லையென்றால் விளிம்பு கருகி, வழி விட்டு, பிறகு தலையைக் கழற்றுவது தவிர வேறு வழி இருக்காது.

டீசலுக்கு இதில் இன்னொரு இழப்பும் உண்டு. 617 எஞ்சினின் அமுக்க விகிதம் 21:1. ஸ்பார்க் பிளக் இல்லாத எஞ்சின் பற்றிக்கொள்வது அமுக்கப்பட்ட காற்றின் சூட்டில். ஒரு சிலிண்டரில் வால்வு சற்றே வாய் திறந்திருந்தாலும் குளிர்காலக் காலையில் வண்டி கிளம்ப மறுக்கும்; கிளம்பினாலும் ஒரு காலை இழுத்துக்கொண்டு, வெண்புகை விட்டபடி ஓடும். குளோ பிளக், பம்ப், பேட்டரி என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் டேப்பட்டைப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

இவ்வளவும் ஓசையின்றி நடக்கும் என்பதுதான் கொடுமை. இடம் கூடினால் டிக் டிக் என்று சத்தம் வரும், உரிமையாளர் ஓடி வருவார். இடம் குறைந்தால் எஞ்சின் முன்னைவிட அமைதியாகவே இருக்கும், அவர் மகிழ்ந்துகொண்டிருப்பார். "சத்தம் இல்லை, ஆகவே இந்த முறை பார்க்க வேண்டாம்" என்ற வாதத்தைக் கையேடு வெளிப்படையாக மறுக்க வேண்டும். அந்த இடத்தில் "தளர்விடை" என்று எழுதினால் அந்த வாதத்துக்கு நாமே துணை போவதாகிவிடும்.

தவணையைப் பற்றிச் சில சேர்க்கைகள். தலையைக் கழற்றி வால்வு வேலை செய்த எஞ்சினுக்கு 24,000 கி.மீ. வரை காத்திருக்கக் கூடாது. புதிய இருக்கைகள் படியும்போது அளவு விரைவாக மாறும் என்பதால் ஏறத்தாழ 1,000 கி.மீ. ஓடியதும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அரிதாகவே வெளியே எடுக்கப்படும் வண்டிக்கு ஆண்டுக் கணக்கில் பார்ப்பது பெரிதாகப் பயன்படாது. நின்ற எஞ்சினில் இருக்கை தேய்வதில்லை. மாறாக, ஒவ்வொரு முறையும் நட்டைத் திருப்புவதற்கு முன்பு கண்ட அளவை வால்வு வாரியாக எழுதி வைப்பதை நான் எதையும்விட முக்கியமாகக் கருதுகிறேன். பத்து வால்வுகளில் ஒரே எக்ஸாஸ்ட் வால்வு மட்டும் தவணைக்குத் தவணை 0.05, 0.05 என்று இழந்துகொண்டே வந்தால், அந்த ஒன்றுக்காக முழு எஞ்சினின் தவணையையும் பாதியாக்கத் தயங்கக் கூடாது. குறிப்பு இல்லாதவருக்கு அது தெரியவே தெரியாது.

ஷிம் வகை எஞ்சின்களுக்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. வாளி வடிவ டேப்பட்டை அழுத்தித் தகட்டை எடுக்கும்போது பிஸ்டன் உச்சியில் நின்றால் வால்வு அதில் மோதும். டீசலில் உச்சியில் மிச்ச இடமே கிடையாது. கிராங்கைச் சற்றே கடத்திவிட்டுத்தான் அழுத்த வேண்டும்.

சொல்லைப் பொறுத்தவரை, ராக்கர் இருந்தாலும் வாளி இருந்தாலும் வேலை செய்பவர்கள் "டேப்பட் பார்க்க வேண்டும்" என்றுதான் சொல்கிறார்கள். அந்த "டேப்பட்" பெயரில் இருந்தால் போதும், எந்த இடத்தைச் சொல்கிறோம் என்பதில் ஐயம் வராது.

வணக்கத்துடன்,
பட்டறைப் பக்கத்திலிருந்து ஓர் உறுப்பினர்

மறுமொழி

அன்புள்ள நண்பருக்கு வணக்கம்.

"தளர்விடை"யை விட்டுவிடலாம். உங்கள் மறுப்பைப் படித்தபின் எனக்கு வேறொன்றும் தோன்றியது. காலத்தையும் தூரத்தையும் குறிக்கும் பொருளைத் "தவணை" எடுத்துக்கொண்டுவிட்டால், "இடைவெளி" தன் இயல்பான பொருளான வெற்றிடத்துக்குத் திரும்பிவிடுகிறது. பிறகு அதை இடம்பெயர்த்துப் புதுச்சொல் ஒன்றை உட்கார வைக்க வேண்டிய தேவையே இல்லை. "டேப்பட் இடைவெளி" என்று எழுதினால் பட்டறையும் ஏற்கும், புதிதாகப் படிப்பவரும் தடுமாற மாட்டார். ஓஎம் 601, 602, 603 போன்ற பின்வந்த எஞ்சின்களைப் பற்றிய பகுதியில் "ஹைட்ராலிக் டேப்பட் தானே ஈடுகட்டிக்கொள்வதால் டேப்பட் இடைவெளி இல்லை, சரிபார்ப்புத் தவணையும் இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடவும் முடிகிறது.

திருத்திய பத்தியைக் கீழே தருகிறேன். மறுப்பு இருந்தால் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.

"ஓஎம் 616, ஓஎம் 617 எஞ்சின்களின் டேப்பட் இடைவெளிக்குச் சரிபார்ப்புத் தவணை 24,000 கி.மீ.; தலை வேலை செய்த எஞ்சினுக்கு முதல் தவணை 1,000 கி.மீ. எஞ்சின் நன்றாகக் குளிர்ந்தபின், அளக்கும் வால்வின் கேம் புடைப்பு ராக்கரிலிருந்து விலகி மேல்நோக்கி நிற்கும்படி கிராங்கைத் திருப்பி அளக்கவும். கண்ட அளவை முதலில் எழுதவும். இன்லெட் 0.10 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.30 மி.மீ., டர்போவில் எக்ஸாஸ்ட் 0.35 மி.மீ. ஆகியவற்றிலிருந்து விலகியிருந்தால் மட்டும் சரிசெய்யவும். லாக் நட்டை இறுக்கியபின் அளவு மாறக்கூடுமாதலால் மீண்டும் ஒருமுறை அளக்கவும். சத்தம் இல்லை என்பதற்காகத் தவணையைத் தள்ளிப்போட வேண்டாம்."

அன்புடன்,
கையேட்டுத் தொகுப்பாளர்