பொருள்: முறைமையா, தொகுதியா? வெள்ளிக்கு முன் வேண்டும்

வணக்கம். இளம் பொறியியலாளரைக் கொம்பனிக்குள்ளேயே சிஸ்டம்ஸ் எஞ்சினியராக (பல குழுக்கள் செய்யும் பாகங்கள் ஒன்றாய்ப் பொருந்தி இயங்குகின்றனவா என்று பார்ப்பவராக) வளர்க்கும் திட்டத்துக்குக் கைந்நூல் எழுதியிருக்கிறோம். வெள்ளிக்கிழமை மும்மொழியிலும் அச்சுக்குப் போகிறது. நான் அட்டையிலேயே நிற்கிறேன்: ‘சிஸ்டம்’ என்பதற்கு முறைமையா, தொகுதியா? ‘தொகுதிப் பொறியியலாளர் பயிற்சி’ என்று போட்டேன். எங்கள் கணக்காளர் பார்த்துவிட்டு, “எந்தத் தொகுதி, கொழும்பு மேற்கா?” என்று கேட்டார்.
— வெள்ளவத்தை

பிள்ளை, தொகுதியில் என்ன பிழை? நரம்புத் தொகுதி, சமிபாட்டுத் தொகுதி என்று படித்துத்தானே வந்தோம். ஒன்றையொன்று தாங்கி நிற்பவை தொகுதி. முறைமை என்றால் அரசியல் யாப்பு வாசம்.
— கொக்குவில்

இங்கே அது நரம்பு மண்டலம். ‘அமைப்புப் பொறியாளர்’ எளிதாக இருக்குமே?
— சென்னை

தொகுதியையும் அமைப்பையும் ஒரே நூலில் வைத்தால், கட்சியின் தொகுதி அமைப்பாளர் வந்து நிற்பார்! உயர்தரத் தகவல் தொழினுட்பப் பாடத்தில் பிள்ளைகள் ‘முறைமை’ என்றுதான் படிக்கிறார்கள். எங்களிடம் வேலைக்கு வருவதும் அவர்கள்தான்.
— வெள்ளவத்தை

சரி, முறைமையையே பார்ப்போம். புறநானூறு 192இல் ‘முறைவழிப் படூஉம்’ என்ற இடத்தில் முறை என்பது ஊழ். குறள் 618இல் வரும் பொறிக்குப் பரிமேலழகர் சொல்லும் பொருளும் விதி. ஆக, முறைமைப் பொறியியலாளர் தலையெழுத்துக்கு மேல் தலையெழுத்து.
— கொக்குவில்

ஐயா, அது உண்மைதான், கந்தோரில் கேட்டுப் பாருங்கள். ஆனால் எனக்கு இப்போது ‘பயிற்சி’தான் இடிக்கிறது. போன மாதம் ஒரு பயிலுநர் இரண்டு குழுக்களின் ஆவணங்களை அருகருகே விரித்து வைத்துப் பார்த்தார். தாமத நேரம் ஒன்றில் செக்கனில், மற்றதில் மில்லிசெக்கனில். இரு குழுவும் தத்தம் பங்கைச் சரியாகத்தான் செய்திருந்தன. அந்தக் கண் வகுப்பில் வராது. சோதனைப் பிரிவில் சில மாதம், வாடிக்கையாளரிடம் தேவை கேட்கும் இடத்தில் சில மாதம், கூடவே ஒரு மூத்தவர் என்று இருந்தால்தான் வரும். இந்தத் துறைக்கான சர்வதேச மன்றமான இன்கோசியின் (INCOSE) சான்றிதழிலும் முதற்படிக்கு அறிவு போதும். அடுத்ததற்குக் குறைந்தது 5 ஆண்டு அனுபவம் வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல் போதுமா?
— வெள்ளவத்தை

‘ஆளாக்கம்’! “என்னை ஆளாக்கியவர்” என்கிறோமே. தூய தமிழ், ஒரே சொல்.
— சென்னை

துன்பத்துக்கு ஆளாக்குவதும் உண்டு, தம்பி. அப்புறம், பெண் பிள்ளைகளும் சேரும் திட்டம். “ஆளாகிவிட்டாள்” என்றால் ஊரில் பூப்புச் சடங்கென்று பால் அறுகு வைக்கக் கிளம்பிவிடுவார்கள்.
— கொக்குவில்

வியாழன் இரவு 11 மணி. அட்டையில் ‘முறைமைப் பொறியியலாளர் பயிற்சியும் விருத்தியும்’ என்று அனுப்பிவிட்டேன். மூன்று பேர் சரி என்றார்கள், மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள்.
— வெள்ளவத்தை

விருத்தி வடசொல். என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.
— சென்னை

உள்ளே ஓரிடத்திலாவது தொகுதியை விட்டுவை, பிள்ளை.
— கொக்குவில்

14ஆம் பக்கத்தில் தவறிப்போய் ஒன்று கிடக்கிறது, ஐயா. திருத்த நேரமில்லை.
— வெள்ளவத்தை