மூலை வீட்டு அம்மாவுக்கு வந்த நோட்டீஸ்

குழு நிர்வாகி:
அனைவருக்கும் வணக்கம். நம் தெருக் குழுவில் மூலை வீட்டு ஐயாவின் எண் இன்னும் இருக்கிறது, அந்தப் போன் இப்போது அவர் மனைவியான அம்மாவின் கையில் இருக்கிறது. அதனால் இதை அங்கே பேச வேண்டாம் என்று இந்தத் தனிக் குழுவைத் தொடங்கியிருக்கிறேன். ஐயா காலமாகி ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், அவர் வளர்த்த இரண்டு பச்சைக்கிளிகள் தொடர்பாக வனத்துறையினர் நேற்று வந்து விசாரித்திருக்கிறார்கள். வரும் வியாழக்கிழமை காலை கிளிகளுடன் வனச்சரக அலுவலகத்துக்கு நேரில் வந்து விளக்கம் அளிக்க வேண்டும் என்று அம்மாவின் பெயரில் நோட்டீஸ் கொடுத்துச் சென்றிருக்கிறார்கள். நாம் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதை இங்கே பேசி முடிவு செய்வோம்.

எதிர்வீட்டு அண்ணன்:
ஐயா இருந்தவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் கண்ணை மூடியதும், தனியாக நிற்கும் ஒரு பெண்மணி மீது புகார் கொடுக்க யாருக்கு மனம் வந்தது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

குழு நிர்வாகி:
அண்ணா, உங்கள் கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்தத் தேடலை இந்தக் குழுவில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். துக்கம் விசாரிக்க வந்த அத்தனை பேரும் முன்னறையில் தொங்கிய கூண்டைப் பார்த்தார்கள். தகவல் சொன்னவர் நம்மில் ஒருவராகவே இருந்தாலும் சட்டப்படி அவர் தவறு செய்யவில்லை. அவர் யாரென்று தெரிந்துவிட்டால் வியாழக்கிழமை தள்ளிப்போய்விடுமா?

மாடிவீட்டு அக்கா:
இன்று மதியம் முழுவதும் நான் அம்மாவோடுதான் இருந்தேன். நோட்டீஸை நான்காக மடித்து ஐயாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருக்கிறார். தன்னைச் சிறையில் வைத்துவிடுவார்களா என்று பதற்றமில்லாமல்தான் கேட்டார். "அப்படியென்றால் அவர் செய்தது குற்றமா?" என்று கேட்கும்போதுதான் உடைந்து அழுதார். கழுத்தில் வளையம் உள்ள கிளி, ஐயா எப்படி அழைப்பாரோ அதே இழுவையோடு அம்மாவின் பெயரைச் சொல்லி அழைக்கிறது. இன்னொன்று இடது இறக்கையைத் தொங்கவிட்டபடி கம்பியைப் பற்றி ஏறுகிறதே தவிர, ஒரு முறைகூடப் பறந்து பார்த்ததில்லையாம். கொடுத்துவிட அம்மாவுக்கு மனமில்லை, ஆனால் ஒளித்து வைக்கவும் அவர் விரும்பவில்லை. இரண்டையும் அவரே என்னிடம் சொன்னார்.

பின்வீட்டுத் தம்பி:
இன்று இரவே கூண்டைத் திறந்து இரண்டையும் பறக்க விட்டுவிட்டால், வியாழக்கிழமை காட்டுவதற்குக் கிளியே இருக்காது. அத்துடன் வழக்கும் முடிந்துவிடும் அல்லவா?

கால்நடை மருத்துவர்:
தம்பி, நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள். ஆனால் அப்படிச் செய்தால் விடியும்போது ஒன்று பூனை வாயிலும் மற்றொன்று காகக் கூட்டத்தின் நடுவிலும் கிடக்கும். குஞ்சிலிருந்தே கையால் ஊட்டி வளர்த்த கிளிக்கு எதிரி எது என்று தெரியாது. தானாக இரை தேடவும் தெரியாது. கூண்டுக்குள்ளேயே இருந்ததால் பறப்பதற்கான மார்புத் தசையும் வலுவிழந்திருக்கும். இப்படிப்பட்ட பறவையைக் காட்டில் விட வேண்டுமென்றால், பெரிய கூண்டில் தன் இனத்தோடு பல மாதங்கள் பழக்கிய பிறகுதான் விட முடியும். இறக்கை ஊனமான பெண் கிளிக்கு அந்த வாய்ப்பும் இருக்குமா என்பது சந்தேகம். அது வாழ்நாள் முழுவதும் பராமரிப்பில்தான் இருக்க வேண்டியிருக்கும். கூண்டில் இந்த இனம் 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது.

வழக்கறிஞர் தம்பி:
டாக்டர் சொன்னதோடு சட்டத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். அதிகாரிகள் கண்ணால் பார்த்துவிட்ட கிளிகள் காணாமல் போனால், சாட்சியத்தை மறைத்ததாக இன்னொரு குற்றச்சாட்டும் அம்மாவின் தலையில்தான் விழும்.

நிலவரம் இதுதான். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். முன்பு நான்காம் பட்டியலில் இருந்த இந்தக் கிளி, 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அதிகபட்சத் தண்டனை மூன்று ஆண்டுச் சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் பட்டியல் விலங்குகளுக்கு இருப்பதுபோல் குறைந்தபட்சச் சிறைத் தண்டனை இதற்கு இல்லை. அதனால் 54ஆம் பிரிவின்படி இணக்கக் கட்டணம் செலுத்தி, நீதிமன்றத்துக்குப் போகாமலே முடித்துக்கொள்ளும் வழி திறந்திருக்கிறது. அதை ஏற்பதும் மறுப்பதும் அதிகாரியின் முடிவு. கேட்காமல் கிடைக்காது, கேட்கும் விதமும் முக்கியம். சிறை பற்றிய பயத்தை அம்மாவின் மனதிலிருந்து இன்றைக்கே இறக்கி வைக்கலாம் என்பது என் கருத்து.

மாடிவீட்டு அக்கா:
பிடித்து வந்தவர் ஐயா. அவர் இல்லாதபோது அம்மாவை எப்படிப் பொறுப்பாக்க முடியும், தம்பி? கணவர் வைத்துவிட்டுப் போன பொருள் மனைவிக்கு வருவதுபோல் கிளியும் வந்ததாகக் கொள்ள முடியாதா?

வழக்கறிஞர் தம்பி:
அக்கா, ஐயா செய்த குற்றம் என்று எதுவும் வாரிசுரிமையாக அம்மாவுக்கு வராது. ஆனால் கூண்டு இன்று யார் வசம் இருக்கிறதோ, அவர் அதைச் சட்டவிரோதமாக வைத்திருக்கிறார் என்றே இந்தச் சட்டத்தின் 57ஆம் பிரிவு தொடக்கத்தில் அனுமானிக்கிறது. அப்படியல்ல என்று காட்ட வேண்டிய சுமை அவருடையது. வாரிசு வழியாக வரும் வன உயிரினங்களைப் பற்றிச் சட்டத்தில் ஓர் ஏற்பாடு இருப்பது உண்மைதான், ஆனால் உரிமைச் சான்று இல்லாத காட்டுக் கிளிக்கு அது கைகொடுக்காது. நமக்கு உண்மையில் இடறலாக இருப்பது 39ஆம் பிரிவுதான். வன உயிரினம் ஒன்று எந்த வழியில் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. ஐயா அதைச் செய்யவில்லை. அவருக்கு அது தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை.

எதிர்வீட்டு அண்ணன்:
கடைகளில் கூண்டு கூண்டாக லவ் பேர்ட்ஸ் விற்கிறார்கள். அடிபட்டுக் கிடந்ததைக் காப்பாற்றியவரை மட்டும் குற்றவாளி ஆக்குகிறார்கள். இது என்ன நியாயம்?

கால்நடை மருத்துவர்:
அண்ணா, லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படும் சின்னக் கிளிகள் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் பட்ஜெரிகர். கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகி வரும் அவை இந்தச் சட்டத்தின் பட்டியல்களில் இல்லை. பச்சைக்கிளி அப்படியல்ல. திருட்டுத்தனமாக விற்கப்படும் ஒவ்வொரு குஞ்சும் ஏதோ ஒரு மரப்பொந்திலிருந்து எடுக்கப்பட்டது, வழியில் செத்தவை கணக்கில் வராது. விலைக்கு வாங்கியவரும் "கீழே கிடந்தது, காப்பாற்றினேன்" என்றுதான் சொல்வார். அதனால்தான் சட்டம் உடனே தகவல் கொடு என்கிறது. ஐயாவைப் போன்றவர்கள் அந்த வலையில் சிக்குவது எனக்கும் வருத்தம்தான்.

பின்வீட்டுத் தம்பி:
அப்படியானால் கிளி அம்மாவை அழைப்பதை ஒரு வீடியோவாக எடுத்து வெளியிடுகிறேன். பார்ப்பவர்கள் மனம் கரைந்தால் துறை மீது அழுத்தம் வரும்.

வழக்கறிஞர் தம்பி:
தயவுசெய்து வேண்டாம். உத்தரப் பிரதேசத்தின் அமேதியில், காலில் அடிபட்ட சாரஸ் கொக்கு ஒன்றைக் காப்பாற்றி வளர்த்த இளைஞரைப் பற்றி 2023இல் நாடே பேசியது. வீடியோக்கள் பரவின, அரசியல் தலைவர்கள் ஆதரவு தெரிவித்தார்கள். ஆனாலும் கொக்கைப் பறவைகள் சரணாலயத்துக்கும், பிறகு கான்பூர் உயிரியல் பூங்காவுக்கும் கொண்டுபோனார்கள். அவருக்கு இதே சட்டத்தின் கீழ் நோட்டீஸும் போனது. ஊர் முழுக்கப் பார்க்கும் விவகாரமாகிவிட்டால், மனமிரங்க நினைக்கும் அதிகாரிக்கும் கை கட்டப்பட்டுவிடும். அம்மாவுக்காக அந்தக் குரலைப் பதிவு செய்து அவருடைய போனில் மட்டும் வைத்துக் கொடுங்கள். வேறு எங்கும் அது போக வேண்டாம்.

பின்வீட்டுத் தம்பி:
சரி அண்ணா. நாளைக் காலை அம்மா சம்மதித்தால் பதிவு செய்து கொடுக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா:
விளக்கக் கடிதத்துக்கு ஒரு வரைவு எழுதியிருக்கிறேன். "புயலில் முறிந்த தென்னை மரத்திலிருந்து கீழே விழுந்து உயிருக்குப் போராடிய இரண்டு கிளிக்குஞ்சுகளை என் கணவர் கருணையோடு காப்பாற்றினார், அவற்றை வளர்ப்பது குற்றம் என்பதை நாங்கள் இருவரும் அறிந்திருக்கவில்லை" என்று தொடங்குகிறது. சரியாக இருக்கிறதா?

வழக்கறிஞர் தம்பி:
நெஞ்சைத் தொடுகிறது, ஐயா. இரண்டு இடங்களை மட்டும் மாற்ற வேண்டும். அம்மா தன் கண்ணால் பார்க்காததைப் பார்த்ததுபோல் எழுதக் கூடாது. குறுக்குக் கேள்வி வந்தால் அங்கேதான் தடுமாறுவார். "கிடைத்ததாக என் கணவர் சொல்லக் கேட்டிருக்கிறேன்" என்று இருக்கட்டும். ஐயாவுக்கு என்ன தெரியும், தெரியாது என்பதற்கும் அம்மா உத்தரவாதம் தர வேண்டாம், தன்னைப் பற்றி மட்டும் சொன்னால் போதும். கிளிகளை நானாகவே முன்வந்து ஒப்படைக்கிறேன் என்பதும், தக்க பராமரிப்பு இடத்தில் இரண்டையும் பிரிக்காமல் வைக்க வேண்டும் என்ற வேண்டுகோளும் கடிதத்தின் முதல் பத்தியிலேயே வரட்டும். மரம் முறிந்ததை நேரில் பார்த்தவர் யாராவது இருந்தால் அவர் தனியாக எழுதித் தரலாம்.

எதிர்வீட்டு அண்ணன்:
நான் பார்த்தேன். அன்று இரவு டார்ச் பிடித்தவனே நான்தான். முறிந்து கிடந்த மரத்தின் பொந்துக்குள் ஐயா கையை விட்டு, இறகுகூட முளைக்காத இரண்டு குஞ்சுகளைத் துண்டில் சுற்றி எடுத்தார். அப்போதே ஒன்றின் இறக்கை மடங்கியிருந்தது. நானே எழுதிக் கையெழுத்திட்டுத் தருகிறேன், நேரில் வரவும் தயார்.

கால்நடை மருத்துவர்:
அது மிகவும் பயன்படும், அண்ணா. ஆண் கிளிக்குக் கழுத்து வளையம் ஏறத்தாழ மூன்று வயதில்தான் தெளிவாகத் தெரியும். எனவே இவை அண்மையில் வாங்கியவை அல்ல என்பதைப் பறவையே காட்டுகிறது. பெண் கிளியின் இறக்கை பழைய முறிவா என்று நாளை பரிசோதித்து, அப்படியானால் அதையும் சேர்த்துச் சான்று எழுதித் தருகிறேன். இரண்டும் ஒரே கூண்டில் பழகியவை என்பதால் பிரித்தால் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளக்கூடும். அதையும் குறிப்பிடுகிறேன்.

குழு நிர்வாகி:
வழக்குச் செலவுக்குப் பணம் திரட்ட வேண்டுமா, தம்பி?

வழக்கறிஞர் தம்பி:
இப்போதைக்கு வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு வழி சொல்வார்கள். நான் இந்தச் சட்டத்தில் அதிகம் வாதாடியவன் அல்ல. வன வழக்குகள் நடத்திப் பழகிய ஒருவர் அந்த ஆணைக்குழுவின் மூலம் கிடைத்தால் அவர் முன்னே நிற்கட்டும், நான் பக்கத்தில் இருக்கிறேன்.

இன்னொன்றை அக்கா மூலம் அம்மாவிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும். உதவி வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாத அதிகாரி பதிவு செய்யும் வாக்குமூலம் பின்னர் நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏற்கப்படும். ஆகையால் படித்துக் காட்டாத எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம். கிளிகளைப் பெற்றுக்கொண்டதற்கான மகஜர் என்ற பதிவுத் தாளின் நகலைக் கேட்டு வாங்காமல் அங்கிருந்து கிளம்பவும் வேண்டாம்.

மாடிவீட்டு அக்கா:
இப்போதுதான் அம்மா வீட்டிலிருந்து வருகிறேன். சிறைக்கு வாய்ப்பு மிகக் குறைவு என்று சொன்னதும் ஒரு வாய் சாப்பிட்டார். கிளிகளைத் தானே ஒப்படைப்பதாகவும், அவற்றை எங்கே வைக்கிறார்கள் என்பதை மட்டும் எழுதித் தரச் சொல்லுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார். ஐயா செய்தது குற்றமா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. அண்ணன் டார்ச் பிடித்த கதையை மட்டும் சொன்னேன். அது அவருக்கு இதுவரை தெரியாதாம்.

குழு நிர்வாகி:
அப்படியானால் வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் காரில் அம்மா, அக்கா, வழக்கறிஞர் தம்பி மூவரும் வரட்டும். அண்ணனும் டாக்டரும் தங்கள் கடிதங்களோடு நேராக அலுவலகத்துக்கு வந்துவிடுங்கள். இதற்கு மேல் கூட்டம் வேண்டாம். கூண்டு காலியான பிறகு வரும் இரவுகளில் அம்மா தனியாக இருக்கக் கூடாது. மகள் வந்து சேரும்வரை துணைக்கு யார் படுத்துக்கொள்வது?

எதிர்வீட்டு அண்ணன்:
வியாழன், வெள்ளி இரண்டு இரவும் என் மனைவி இருப்பாள்.

மாடிவீட்டு அக்கா:
சனிக்கிழமை முதல் நான் இருக்கிறேன்.

வழக்கறிஞர் தம்பி:
அம்மாவின் ஆதார் நகலும் ஐயாவின் இறப்புச் சான்றிதழ் நகலும் நாளை மாலைக்குள் என் கைக்கு வர வேண்டும். இந்தக் குழுவின் செய்தி எதையும் யாரும் வெளியே அனுப்ப வேண்டாம்.