பதினேழு வயது அண்ணன் மகள் என் வீட்டில் இருக்கிறாள்: சட்டம் தெரிந்தவர்கள் வழிகாட்டுங்கள்

வணக்கம். நான் பெரம்பூரில் வசிக்கிறேன். என் அண்ணன் மகள் மூன்று நாட்களுக்கு முன் ஒரு பையோடு வந்து, "அத்தை, இனி அந்த வீட்டுக்குப் போகமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். பிளஸ் டூ முடித்தவளுக்குக் கல்லூரி வேண்டாம், நிச்சயதார்த்தம் போதும் என்கிறார் அண்ணன். பதினெட்டு முடிய இன்னும் நான்கு மாதங்கள். அதற்குள் என்ன அவசரமோ!

வந்த இரவே அண்ணனுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன்; ஒளித்து வைக்கவில்லை. இருந்தும் "கடத்தல் புகார் கொடுப்பேன்" என்று மிரட்டுகிறார். பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 137ஆம் பிரிவின்படி, 18 வயதுக்கு உட்பட்டவரைப் பாதுகாவலரின் சம்மதமின்றி அழைத்துச் செல்வதோ ஆசைகாட்டி வரவழைப்பதோ குற்றம். தானாக வந்தவளுக்குச் சோறு போட்டதும் அதில் சேருமா? என் பயமெல்லாம் இதுதான்.

1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழைத்து, குழந்தைகள் நலக் குழுவிடம் நானே அவளை அழைத்துப் போனால் என்னோடு தங்க அனுமதிப்பார்களா, அல்லது குழந்தைகள் இல்லத்தில் சேர்த்துவிடுவார்களா? 1890ஆம் ஆண்டு பாதுகாவலர் சட்டத்தில் விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தையும் நீதிமன்றம் கருதலாம் என்று இருக்கிறது. நான்கு மாதங்களுக்காக, என்னைப் பாதுகாவலராக நியமிக்கக் கேட்டு அந்தச் சட்டத்தில் வழக்குத் தொடுப்பது வீணா?

சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச உதவி உண்டு. அங்கே போனவர்கள் என்னென்ன ஆவணங்கள் கொண்டுபோனீர்கள்? அவளது மதிப்பெண் சான்றிதழ் அண்ணனின் பீரோவில் இருக்கிறது. "பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்ற அறிவுரை மட்டும் வேண்டாம், பேசிக் களைத்துவிட்டேன்.