மலைமாட்டு மேய்ச்சல்: பழைய ரசீது உரிமைக்குச் சான்றாகுமா?

கேள்வி – மலையடிவாரத்தான்

எங்கள் ஊர் மேகமலை அடிவாரத்தில் உள்ளது. மலையேறி மேயும் நாட்டு மாடுகளான மலைமாடுகளை மேலே ஓட்டிச் சென்று, தொழு அடைத்துத் தங்கி, மாதக்கணக்கில் மேய்த்துவிட்டு இறங்குவது முன்னோர் வழக்கம். 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் எல்லாக் காடுகளிலும் மேய்ச்சலைத் தடுத்து, பின்னர் அத்தடையைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டது. அந்தத் தளர்வால் எங்களுக்குப் பயனில்லை. அப்பாவின் தகரப் பெட்டியில் மேய்ச்சல் கட்டண ரசீதுகள் சில கிடைத்தன. ஓரம் கரையான் அரித்திருந்தாலும் மாட்டின் எண்ணிக்கையும் தலைக்கு வாங்கிய தொகையும் படிக்க முடிகிறது. நாங்கள் பழங்குடியினர் அல்லர். இவற்றை வைத்து உரிமை கோரலாமா?

மறுமொழி – வழக்காடி

கோரலாம், ஆனால் தனி ஆளாக அல்ல. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ச்சலைச் சமூக உரிமையாகவே கருதுகிறது. ஓரிடத்தில் தங்கி மேய்ப்பது, இடம்பெயர்ந்து மேய்ப்பது இரண்டும் அதில் அடங்கும். புலிகள் காப்பகமும் அச்சட்டத்துக்கு வெளியே இல்லை. பழங்குடியல்லாதவர்கள் 13.12.2005க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், காட்டைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். கோரிக்கை கிராம சபையில் தொடங்கிக் கோட்ட அளவிலான குழு, மாவட்டக் குழு என்று மேலே செல்லும். கிராம சபைக் கூட்டத்தில் உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். பல கோரிக்கைகள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன என்பது என் எண்ணம்.

மறுமொழி – பழைய ஏடு

ரசீதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். நீங்கள் அதை உரிமைச் சான்று என்பீர்கள். எதிர்த் தரப்போ, கட்டணம் வாங்கிக்கொண்டு கொடுத்தது சலுகைதான், உரிமையாக இருந்தால் கட்டணம் எதற்கு என்று அதே காகிதத்தைத் திருப்பிக் காட்டும். இந்தச் சண்டை புதிதல்ல. சென்னை மாகாணத்தில் ஏதேனும் ஒரு கிராமத்தின் எல்லைக்குள் வராத காடு இல்லையென்றே சொல்லலாம் என்று 1871இல் வருவாய் வாரியமே எழுதியது. ஆனாலும் 1882இல் வனச் சட்டம் வந்தது. அச்சட்டப்படி ஒரு காட்டைக் காப்புக்காடாக அறிவிக்குமுன் மேய்ச்சல், வழிப்பாதை, நீர் ஆகியவற்றின் மீதான கோரிக்கைகளைத் தீர்வு அலுவலர் விசாரித்தாக வேண்டும். உங்கள் காட்டின் அந்தத் தீர்வு ஆவணத்தைத் தேடுங்கள். அதில் உங்கள் ஊர்ப் பெயர் ஒரு வரியில் இருந்தாலும் பத்து ரசீதுக்குச் சமம்.

மறுமொழி – காட்டுவழி

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். மேலே போகும் மாடெல்லாம் மலைமாடல்ல. வெளியூர் முதலாளிகளின் மாடுகளைக் கூலிக்கு மேய்ப்பவர்களும் உண்டு, அந்த மாடுகள் கொண்டுவரும் கோமாரி காட்டுமாடுகளுக்கும் தொற்றக்கூடும். வன உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, காட்டுயிரைக் காக்கும் பொறுப்பையும் கிராம சபையிடமே கொடுத்திருக்கிறது. எத்தனை மாடு, எந்தத் தடம், எந்தெந்த மாதம், தடுப்பூசி எப்போது என்பதைத் தீர்மானத்திலேயே எழுதிவிட்டால் உங்கள் தரப்பு வலுக்கும்.

மலையடிவாரத்தான்

மூவருக்கும் நன்றி. தொழுக்கள் இருந்த இடங்களின் பெயர்களையும், தண்ணீர் காட்டிய ஓடைகளையும் அம்மா மனப்பாடமாகச் சொல்கிறார், எழுதி வருகிறேன். ஆனால் அவரும் கோருபவர்களில் ஒருவர். அவர் வாக்குமூலம் செல்லுமா?

வழக்காடி

விதிகளின்படி, கோருபவர் அல்லாத முதியவரின் வாக்குமூலம் எழுத்தில் வேண்டும். உங்கள் மாடுகள் போன தடத்தில் உள்ள பக்கத்து ஊரில் விசாரியுங்கள்.